இரண்டாவது பொட்டலம்

பூ கட்டிப் பார்ப்பதில் ஒரு விதி உண்டு. ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொரு தாளில் சிவப்புப் பூ வைத்து, இரண்டையும் வித்தியாசம் தெரியாமல் மடித்து, அம்மன் காலடியில் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதில் இருக்கும் பூதான் அம்மன் சொன்ன பதில். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதை அப்படியே கிணற்றிலோ ஏரியிலோ போட்டுவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சாமி சொன்ன பிறகு சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

என்னுடைய பிழைப்பே சரிபார்ப்பது. பாடியில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வெளியிலிருந்து வரும் சாமான்களைப் பெட்டி திறந்து எடுத்து, கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கேஜ் என்பது இரண்டு முனை உள்ள ஒரு இரும்புத் துண்டு. ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும், இன்னொரு முனை போகக் கூடாது. சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்டுவோம். தப்பாக இருந்தால் சிவப்பு. இரண்டும் சொல்ல முடியாவிட்டால் மஞ்சள் ஒட்டி ஓரமாக வைத்துவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், திறக்காத பெட்டியைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது.

என் கணவர் அதே தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். கடவுள் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அதற்காகக் கூட்டம், கட்சி, கறுப்புச் சட்டை என்று எதற்கும் போனதில்லை. புத்தகமும் படித்ததில்லை. நின்றுபோன மெஷின் தானாக ஓடி அவர் பார்த்ததில்லை, அதுதான் அவருடைய மொத்தத் தத்துவமும். ஆயுத பூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கச் சொன்னால் நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, "இதுக்கு இது போதும்" என்று நகர்ந்துவிடுவார். பொரி கடலைப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்வார். அதைக் கேலி செய்தால், "பொரி கீது. கண்ணால பாக்குறேன்" என்பார்.

அவருடைய அக்கா அதற்கெல்லாம் சேர்த்து வைத்துச் சாமி கும்பிடுகிறவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அம்பத்தூரில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டுக்காரர் போன பிறகு ஆவடியில் தனியாக ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறார். அவர்களுடைய அப்பா அம்மா பூந்தமல்லிப் பக்கம் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள். அந்தக் கழனியில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது அண்ணிதான். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் செருகியது என்றும், அம்மன் வேப்பிலைத் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்தது என்றும் அடிக்கடி சொல்வார். அதுதான் அண்ணியின் முதல் ஆதாரம். "நீயே சாட்சி, ஒனக்கே நம்பிக்கையில்ல" என்று தம்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி எங்கள் ஐயப்பன்தாங்கல் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்கு முன்பே வழக்கு ஆரம்பித்துவிடும். ஒரு பெருமழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. ஆவடியில் அண்ணி வீட்டில் ஒரு சொட்டு வரவில்லை. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்ததுதான் காரணம் என்றார் அண்ணி.

"ஒன் தெரு மேடுக்கா. தண்ணி எப்டி ஏறும்?" என்றார் இவர்.

"அந்த மேட்ட அங்க யாரு வெச்சது?"

"முனிசிபாலிட்டிக்காரன் மண்ணு கொட்னான். நான் பாத்தேன்."

"அவனுக்கு அங்க கொட்டணும்னு யாரு சொன்னது?"

இதற்குப் பிறகு இவர் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். போகும்போது கடைசியாக ஒன்று சொல்வார். "கத வாணாம். ஆதாரம் குடு. ஒண்ணே ஒண்ணு குடு, ஒத்துகினு ஒன்கூட கூழ் ஊத்த வரேன்."

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அண்ணி போகாத கோயில் இல்லை. எனக்குப் பதிலாக அவர் மண்சோறு சாப்பிட்டிருக்கிறார். ஒருநாள் வாய்ச்சண்டையில் இவர் அதையும் எடுத்து வைத்தார். "எத்தினி கோயில் சுத்துன, இன்னா ஆச்சி?" அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனார். இவரும் உடனே வாயை மூடிக்கொண்டார். பிறகு அதை ஆதாரமாக இரண்டு பேருமே எடுக்கவில்லை.

நான் எந்தப் பக்கமும் இல்லை. என் அப்பா தெற்கிலிருந்து ஆவடி ராணுவத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் சாமி என்பது காலண்டர் மாட்டும் ஆணி மாதிரி. சுவரில் இருக்கும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். கல்யாணமாகி வந்து இவர்கள் சண்டையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீ யார் பக்கம் என்று அண்ணி கேட்டால், "மஞ்சள் சீட்டு அண்ணி" என்பேன். கடவுள் இருந்தால் எனக்கு லாபமும் இல்லை, இல்லாவிட்டால் நட்டமும் இல்லை என்று உண்மையாகவே நினைத்திருந்தேன்.

என் கணவர் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் ஒரு காலையில் பஸ் ஏறும்போது விழுந்தார். நான் முதல் ஷிஃப்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தேன். போன் வந்தபோது கையில் ஒரு கேஜ் இருந்தது. அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, அதன் பெட்டியில் வைத்து மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். அப்போது எனக்கு அவசரம் என்று ஏதும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால், இனி அவசரப்பட்டுப் பயனில்லை என்பது உடம்புக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

பூந்தமல்லிப் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. வாயில் குழாய் வைத்து மெஷினில் போட்டிருந்தார்கள். நாட்கள் போயின. அண்ணியும் நானும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். பார்வையாளர் நேரத்தில் உள்ளே போய் வருவோம். அவர் நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அவர் மூச்சு தெரியாதா? அது அவருடைய மூச்சு இல்லை. அந்த மெஷின் கொஞ்சம் சத்தம் போட்டாலும் என்ன கோளாறு என்று சொல்லிவிடக் கூடியவர் அதற்குக் கீழே படுத்திருந்தார்.

ஒரு காலையில் டாக்டர் எங்களை அழைத்து உட்கார வைத்தார். சின்ன வயது, நல்ல மாதிரி. "மூளை வேலை செய்யலம்மா. இனிமே செய்யறதுக்கு வாய்ப்பு இருக்கற மாதிரி எங்களுக்குத் தெரியல. மெஷின்ல இப்படியே வச்சிருக்கலாம், எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது. இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னாலும் போலாம். கூட ஒரு நர்ஸ் வருவாங்க, வீட்ல வச்சு ட்யூப எடுத்துருவாங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நீங்கதாம்மா சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்களோ அது."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை, பயம் வரவில்லை. அந்த அறையில் தரை ஓடு ஒன்று மூலையில் உடைந்து பக்கத்து ஓட்டோடு சேராமல் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று நினைத்தேன். டாக்டர் இன்னொரு தடவை "அம்மா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். உண்மையில் யோசிக்க என்னிடம் எதுவும் இல்லை. உள்ளே இருந்ததை யாரோ துடைத்து வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அண்ணி நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆத்தாள கேட்டுடலாம்" என்றார்.

"எப்படி?"

"பூ கட்டி. வெள்ள வந்தா மெஷின்லயே கெடக்கட்டும், பாக்கலாம். செவப்பு வந்தா ஊட்டுக்கு இட்டுகினு பூடலாம். நீ இன்னா சொல்ற?"

இது என் கணவர் காதில் விழுந்திருந்தால் எழுந்து சண்டைக்கு வந்திருப்பார். என் உயிரைப் பூவில் வைத்துச் சூதாடுகிறீர்களா என்று கத்தியிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் "சரி அண்ணி" என்றேன். நம்பிக்கை வந்துவிட்டதால் இல்லை. அந்த வார்த்தையை என்னைத் தவிர வேறு யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

சென்னீர்குப்பத்தில் சாலையை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில். கம்பிக் கதவு, டைல்ஸ் சுவர், ஓடும் எழுத்தில் அம்மன் பெயர் போடும் ஒரு மின்பலகை. அண்ணிக்குப் பழக்கமான கோயில், அங்கே வருஷா வருஷம் ஆடியில் கூழ் ஊற்றுவார். முற்பகல், வேலை நாள், யாருமில்லை. அண்ணி பக்கத்துக் கடையில் பூ வாங்கினார். செவ்வரளி, நந்தியாவட்டை. தாளுக்கு அவர் பையிலேயே ஏதோ இருந்தது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே, பொடி எழுத்தில் அச்சடித்த மெல்லிய தாள், அதில் கம்பெனியில் வீணானது கொஞ்சம் எப்போதும் வைத்திருப்பார். கடுகு, சீரகம் கட்ட உதவும் என்பார்.

"நீ பாக்கக் கூடாது. அப்டி திரும்பிக்கோ" என்றார்.

திரும்பிக்கொண்டேன். சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று இன்னொன்றை முந்தப் பார்த்துக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் தாள் மடியும் சத்தம் கேட்டது. எங்கள் பிரிவில் இப்படி ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்து போனது.

பூசாரி பொட்டலங்களை வாங்கிக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். எடுப்பதற்குக் குழந்தை யாராவது உண்டா என்று சாலைப் பக்கம் பார்த்தார். பள்ளிக்கூட நேரம், எந்தக் குழந்தை வரும்? "நீயே எடும்மா. ஒன் கையில வர்றது அவ குடுக்குறதுதான்" என்றார். நான் இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். ஏன் இடது என்று தெரியாது. பிரித்தேன். செவ்வரளி.

அண்ணி ஒரு பெருமூச்சு விட்டார். கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துத் தன் டிபன் பையின் பக்கவாட்டு அறையில் போட்டுக்கொண்டு, "போற வழில தண்ணில போட்டுக்குறேன்" என்றார். வழியில் தண்ணீர் எதுவும் இல்லை. நாங்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியில் வரும் வழியெல்லாம் ஒரு நர்ஸ் பெண் ரப்பர் பலூனை அமுக்கி அமுக்கி அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தது. வீட்டில் கட்டிலில் படுக்க வைத்தோம். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். குழாயை எடுத்தார்கள். அண்ணி அவர் காலைப் பிடித்துக்கொண்டார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்கால வெயில் சன்னல் வழியாக வந்து அவர் முகத்தில் விழுந்தது. எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டு வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

நான் அழவில்லை. வந்தவர்கள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடும்மா" என்றார்கள். ஒரு அம்மாள் நான் அழுவதற்காகவே எதிரில் உட்கார்ந்து அவர் பெருமையெல்லாம் சொல்லி ஒப்பாரி வைத்தார். நன்றாகத்தான் பாடினார். காபி கொடுக்க ஆள் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் எல்லோரும் அசந்துபோனார்கள். அண்ணி ஐயரைக் கூப்பிட வேண்டாம் என்றுவிட்டார். சங்கு வேண்டாம், திதி வேண்டாம், படையல்கூட வேண்டாம். "அவனுக்குப் புடிக்காது. வுட்டுடுங்க" என்றார். வாழ்நாள் முழுக்கத் தம்பியோடு சாமிக்காகச் சண்டை போட்டவர், கடைசியில் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று உறவுக்காரர்கள் கண் கலங்கினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கேஜ் வைத்தேன், சீட்டு ஒட்டினேன், சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. கோயிலில் இரண்டு பொட்டலம் கிடந்தன. நான் ஒன்றை எடுத்தேன். அம்மன் என்று ஒருத்தி இருந்தால் அதை என் கையில் கொடுத்தது அவள். அப்படி ஒருத்தி இல்லாவிட்டால் அது வெறும் என் கை. கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்திருந்தால் அவர் இன்னும் மூச்சோடு இருந்திருப்பார். அந்த மூச்சு அவருடையது இல்லைதான். இருந்தாலும் கை சூடாக இருந்திருக்கும், பிடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அத்தனை வருஷம் அவர்கள் இரண்டு பேரும் தட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்ட விஷயம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. இப்போது எனக்குத்தான் தேவைப்பட்டது. கடவுள் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவரை அனுப்பியது நான்.

சமையலறை அலமாரியில் ஒரு விளக்கு ஏற்ற ஆரம்பித்தேன். கூடத்தில் அவர் படம் மாட்டியிருந்தது. விளக்கை ஏற்றும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பேன். வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு கோயிலாகப் பார்ப்பேன், ஏதாவது ஒரு அடையாளம் தெரியாதா என்று. அண்ணி மாதிரியே ஆகிவிட்டேன். சிக்னல் பச்சையானால் அம்மன் இருக்கிறாள். தயிர் திரிந்துவிட்டால் அவள் இல்லை. இதையெல்லாம் யாரிடமும் சொல்ல முடியாது.

அண்ணி ஆவடிக்குத் திரும்பிப் போனபோது டிபன் பையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். ஒரு ஞாயிறு காலை அதைத் துவைத்துக் கொடுக்கலாம் என்று கவிழ்த்து உதறினேன். பக்கவாட்டு அறையில் ஏதோ சரசரத்தது. பொடி எழுத்து அச்சடித்த மெல்லிய தாளில், நான்கு மூலையும் ஒழுங்காக உள்ளே மடிந்த பொட்டலம். தண்ணீரில் போடவில்லை.

பிரிக்கக் கூடாது என்று தெரியும். அம்மன் இருக்கிறாள் என்று நம்பத் தொடங்கியிருந்தேன், ஆகவே பிரிக்கவே கூடாது. ஆனால் கையில் ஒரு பொட்டலம் இருந்தால் என்னால் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியாது. அது என் வேலை, என் புத்தி. உள்ளே வாடிய நந்தியாவட்டை இருப்பதைப் பார்த்துவிட்டால் மனம் நிம்மதியாகிவிடும் என்று நினைத்தேன். மேடை மேல் வைத்துப் பிரித்தேன்.

பூ காய்ந்து கருத்திருந்தது. நிறம் போயிருந்தாலும் உருவம் தெரிந்தது. நந்தியாவட்டை இதழ் காற்றாடி மாதிரி திரும்பியிருக்கும், இது அப்படி இல்லை. விளிம்பில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. செவ்வரளி.

எனக்குக் கோபம் வந்தது. மரத்துப்போன உடம்புக்குள் முதலில் திரும்பி வந்தது கோபம்தான். பால் அடுப்பில் இருந்தது. அதை அணைத்துவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த புடவையோடு பஸ் ஏறி பூந்தமல்லி போய், அங்கிருந்து ஆவடி போனேன்.

அண்ணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் கீரையைக் கீழே வைத்தார்.

"பிரிச்சிட்டியா?"

"பிரிச்சேன்."

"தெரியும். நீ பிரிச்சிருவ. ஒன் வேலயே அதான்." உள்ளே வந்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ரெண்டுலயும் சிவப்பா வச்சீங்க?"

"ஆமா."

"ஏன் அண்ணி?"

அண்ணி முந்தானையால் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "அவன் கைய புட்ச்சி பாத்தேன். என் தம்பி கையி எனக்கு தெரியாதா? அவன் அங்க இல்ல. அந்தக் கொழாய வாயில வெச்சிகினு அவன் கெடக்குறத இன்னும் எத்தினி நாளு பாக்குறது? பூ கட்டலாம்னு நெசமாத்தான் சொன்னேன். கோயிலாண்ட வந்து வெள்ளப் பூவ கையில எடுத்தேன் பாரு, பயம் வந்துட்ச்சி. ஆத்தா வெள்ளைய குடுத்துட்டா இன்னா பண்றது?"

"குடுத்தா குடுக்கட்டும்னுதானே கேக்கப் போனோம்."

"அதான் முடியல."

"அப்ப என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. விட்டுருவோம்னு."

"நான் சொன்னா நீதான சொன்னன்னு ஒரு நாளு நீ கேப்ப. நீ சொன்னா நான் கேப்பேன். வாயால கேக்காட்டியும் மனசால கேப்போம். அவ சொன்னா யாரு கேக்கப் போறாங்க? அவளுக்கு எல்லாத்தையும் தாங்கிப் பழக்கம்."

அப்போதும் என் கோபம் அடங்கவில்லை. நான் விளக்கேற்றியது, கோயில் கோயிலாக எட்டிப் பார்த்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "ஆதாரம் குடு ஆதாரம் குடுன்னு அவர் எத்தனை வருஷமா கேட்டார்? கடைசியில ஆதாரம் கிடைச்சிருச்சு அண்ணி. நீங்களே நம்பல. அங்க ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சுதான் ரெண்டுலயும் ஒரே பூவ வச்சிருக்கீங்க."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"இன்னா பேசுற நீ? இல்லாத ஆள எவளாவது ஏமாத்துவாளா?"

அண்ணி என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார்.

"அவ பாத்துகினே கீறா. அவ பாக்கப் பாக்க ரெண்டுலயும் செவப்ப வெச்சி மட்ச்சேன். எங்க கம்பெனில கண்ண மூடிகினு மடிப்பேன் நானு. அன்னிக்கி கையி நடுங்கி தாளு ரெண்டு தபா கீழ வுயிந்துச்சி. அவ இல்லன்னா எனக்கு இன்னாத்துக்கு நடுங்குது?" மூச்சு வாங்கியது அவருக்கு. "அந்தப் பொட்டலத்த ஏரில போடலாம்னு அன்னிக்கே ஒன் ஊட்லேர்ந்து ஏரிக்கர வரைக்கும் எட்துகினு போனேன். கையி வரல. போட்டா அவகிட்ட மேல ஒரு பொய்யி. அன்னிலேர்ந்து நான் கோயிலுக்குப் போவல, தெரியுமா ஒனக்கு? ஊட்லயும் வெளக்கேத்தல. எந்த மூஞ்ச வெச்சிகினு போவேன்?"

அப்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தேன். சாமி அலமாரிக்கு முன்னால் ஒரு பழைய புடவையைத் திரையாகப் போட்டு மறைத்திருந்தார். காரியம் வேண்டாம் என்று அவர் சொன்னது தம்பிக்காக மட்டும் இல்லை. அம்மன் முன்னால் நிற்க முடியாமல்தான். உட்கார்ந்து மிச்சக் கீரையை நானும் ஆய்ந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

ஆடி வந்தது. கூழ் ஊற்றும் ஞாயிறு, அண்ணியைக் கட்டாயப்படுத்தி அழைத்துக்கொண்டு போனேன். சென்னீர்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். சாலைக்கு அந்தப் பக்கம் கோயில், ஒலிபெருக்கி, கூழுக்குப் பாத்திரத்தோடு பெரிய வரிசை. அண்ணி சாலையைக் கடக்க மாட்டேன் என்று ஒரு டயர் கடை நிழலில் நின்றுவிட்டார். இழுத்துப் பார்த்தேன். கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ போ. என்னிய வுட்டுடு" என்றார். அத்தனை வருஷம் கூழ்ப் பானையோடு முதல் ஆளாக நின்றவர் ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பயந்துகொண்டிருந்தார். என் மேல் பழி விழக் கூடாது என்று செய்ததில் வந்த பயம் அது.

நான் மட்டும் போனேன். கூட்டத்தில் இடித்துக்கொண்டு கம்பிக் கதவுக்கு முன்னால் வந்துவிட்டேன். அம்மன் முகத்தில் மஞ்சளும் வெள்ளிக் கண்ணும் தெரிந்தன. எனக்குக் கும்பிடத் தெரியாது, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன். "அந்த ரெண்டு பொட்டலமும் நான் கட்டினது. அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டுலயும் சிவப்பு வச்சது நான்தான். கேக்கறதா இருந்தா என்னைக் கேளு."

பூசாரி கொஞ்சம் திருநீற்றைத் தாளில் மடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு லாரிகளுக்கு வழி விட்டு விட்டுச் சாலையைக் கடந்து வந்தேன். அண்ணி தாளைப் பிரித்து நெற்றியில் இட்டுக்கொள்ளத் தயங்கினார். "பூசிக்கோங்க. எல்லாம் சொல்லிட்டேன்" என்றேன்.

"இன்னா சொன்ன?"

"பொட்டலம் கட்டினது நான்னு சொன்னேன்."

அண்ணி தாளைத் திரும்ப மடித்தார். "பொய் சொன்னியா? அவகிட்டயா?"

"ஆமா."

"நான் மாட்டிக்கக் கூடாதுன்னா?"

"ஆமா அண்ணி."

அண்ணி முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியை மடக்கிவிட்டால் வரும் அதே சிரிப்பு. திருநீற்றை எடுத்து முதலில் என் நெற்றியில் பூசினார்.

"அப்ப அங்க ஆளு கீதுன்னு நீயும் ஒத்துகின" என்றார்.

என் கணவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பழக்கத்தில் மறுபக்கம் திரும்பினேன். டயர் கடைதான் இருந்தது. அங்கேயே, அத்தனை வண்டிச் சத்தத்தில், எனக்கு அழுகை வந்தது.